அழிப்பதற்கு முன் படியுங்கள்: செக் என்ஜின் விளக்கும் ஸ்கேனரும்

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0171 (P0171) என்ற கோளாறு எண், அதாவது கோடு (code), வருகிறது. அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால், ஆக்சிஜன் சென்சாரை (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) மாற்றுங்கள் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். சென்சாரை வாங்கி மாட்டி, கோடுகளை அழித்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது. சில நாளில் மறுபடி எரிகிறது. கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற எனக்கு, கழற்றிய சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். பெரும்பாலும் அந்தப் பழைய சென்சார் நன்றாகத்தான் இருக்கும்.

பி0171 சொல்வது இவ்வளவுதான்: என்ஜினின் முதல் பக்க சிலிண்டர்களுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏன் அப்படி ஆனது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எங்கோ குழாய் கிழிந்து காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் உண்மையைச் சொன்னதால்தான் அந்தக் கோடே பதிவாகியிருக்கும். கோடு காட்டுவது தேட வேண்டிய இடத்தை. வாங்க வேண்டிய பாகத்தை அல்ல. என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். அந்தக் கோடிலிருந்து கோளாறுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாட்டுவதற்கு முன்னால்

முதலில் விளக்கைப் பாருங்கள். நிலையாக எரிந்தால், வண்டியின் ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாத பட்சத்தில், மெதுவாக ஓட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமாக நிறுத்திவிடுங்கள். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலும், டெம்பரேச்சர் முள் ஏறினாலும் ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே என்ஜினை அணைக்க வேண்டும்.

அப்புறம் பேட்டரி. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை வரும். பேட்டரி தளர்ந்த வண்டியில் சம்பந்தமே இல்லாத கோடுகள் கும்பலாக வந்து நிற்கும். மல்டிமீட்டரை எடுத்து அதை ஒரு தடவை அளந்துவிட்டு ஸ்கேனரைத் தொட்டால் பாதித் தலைவலி குறையும்.

ஸ்டேரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் இது கட்டாயமானது. அதனால் எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் என்ஜின் சம்பந்தப்பட்ட அடிப்படைக் கோடுகளை ஒரே கருவியால் படிக்க முடிகிறது. ஸ்கேனர் வண்டியோடு பேசவே இல்லை என்றால், சாக்கெட்டின் 16-வது பின்னில் பேட்டரி வோல்ட் வருகிறதா, 4-வது பின்னில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ். போன் சார்ஜர் மாட்டி அந்த ஃபியூஸ் போயிருக்கும், ஸ்கேனர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

எந்தக் கருவி என்று கேட்டால், வீட்டு உபயோகத்துக்கு ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு நல்ல செயலியும் போதும். ஆனால் மலிவான நகல்கள் சில வண்டிகளோடு பேசாது, பேசினாலும் பாதியில் நின்றுவிடும். கோடு எண்ணை மட்டும் காட்டும் கருவி எனக்குப் பிடிக்காது. லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்கள்), ஃப்ரீஸ் ஃபிரேம் (கோளாறு பதிவான நொடியின் எண்கள்), பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோடு), ரெடினஸ் மானிட்டர் (சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியல்) இந்த நான்கையும் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளுக்குப் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் மொழி தெரிந்த பெரிய ஸ்கேனர் வேண்டும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்தாலும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், மாட்டியே விட்டால் பேட்டரி இறங்கும்.

அழிக்காதீர்கள், எழுதி வையுங்கள்

இதுதான் நான் கெஞ்சிக் கேட்பது. ஸ்கேனரில் அழிக்கும் பட்டன் கண் முன்னால் இருக்கும். அதை அமுக்கினால் கோடு மட்டும் போகாது. கோளாறு பதிவான நொடியில் என்ஜின் எப்படி இருந்தது என்ற ஃப்ரீஸ் ஃபிரேம் பதிவும், சுயபரிசோதனைகள் முடிந்ததற்கான கணக்கும் போய்விடும். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த பெட்ரோல் திருத்தமும் சேர்ந்து போகும். துப்பு எல்லாவற்றையும் நாமே துடைத்துவிட்டுத் தேடத் தொடங்குகிறோம். முதலில் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடுகள் மூன்று நிலையில் இருக்கும். பதிவானவை விளக்கை எரிய வைத்தவை. பெண்டிங் என்பது ஒரு தடவை கண்ணில் பட்டு, இரண்டாம் ஓட்டத்திலும் வந்தால் பதிவு செய்யலாம் என்று கம்ப்யூட்டர் காத்திருப்பது. விட்டு விட்டு வரும் கோளாறுகளுக்கு இந்தப் பட்டியல்தான் தங்கம். பெர்மனன்ட் என்பது புதிய வண்டிகளில் இருக்கும், ஸ்கேனராலும் அழியாது, பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் போகாது. கோளாறு சரியாகி, அதற்கான சோதனை மறுபடி ஓடித் தேறினால் தானாக மறையும்.

எண்ணைப் படிக்கும் முறை எளிது. பி என்பது என்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். சி என்றால் பிரேக், ஸ்டேரிங், சஸ்பென்ஷன். யூ என்றால் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒயரிங். பாடிக்கும் ஒரு 'பி' உண்டு, அதைத் திரையில் எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நான் இங்கே எழுதுவதெல்லாம் என்ஜின் பி. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. ஆகவே பி1-இல் தொடங்கும் எண்ணுக்கு வேறு கம்பெனி காரின் விளக்கத்தைப் படித்து ஏமாறாதீர்கள். மூன்றாம் இடத்தில் 1, 2 காற்று-எரிபொருள், 3 இக்னிஷன், 4 புகைக் கட்டுப்பாடு, 7 கியர்பாக்ஸ்.

நிறையக் கோடுகள் ஒன்றாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒன்றை ஒன்று எப்படி இழுத்து வந்திருக்கும் என்று யோசியுங்கள். பி0562, அதாவது வோல்டேஜ் குறைவு, பட்டியலில் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மற்றதைத் தொடாதீர்கள். மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது, மிஸ்ஸிங்) கேட்டலிடிக் கன்வர்ட்டர் கோடும் சேர்ந்து வந்தால் மிஸ்ஃபயர் முதலில். ஒரே நேரத்தில் மூன்று நான்கு சென்சார்கள் கெட்டதாகக் காட்டினால், அத்தனையும் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். அவற்றுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் ஒயரையோ எர்த்தையோ தேடுங்கள்.

என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே தெரிவது

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியை ஆன் மட்டும் செய்து லைவ் டேட்டாவைத் திறங்கள். கூலன்ட் டெம்பரேச்சரும், உள்ளே போகும் காற்றின் டெம்பரேச்சரும், வெளியே இருக்கும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஒன்று மட்டும் பத்து இருபது டிகிரி தள்ளி நின்றால், கோடு வராவிட்டாலும் அந்த சென்சார் பொய் சொல்கிறது. மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில், என்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல், ஆயிரம் மீட்டர் உயரத்தில் சுமார் 90. ஸ்டார்ட் செய்து சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) 30, 40-க்கு இறங்கும்.

டெம்பரேச்சர் சென்சார் மைனஸ் 40 டிகிரி காட்டினால், அங்கே பனி பெய்யவில்லை, சர்க்யூட் அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அந்த ஒயரில் 5 வோல்ட் அனுப்பி, சென்சார் அதில் எவ்வளவை இழுக்கிறது என்று பார்க்கிறது. சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். ஒயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், அதை மிகக் கடும் குளிர் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பி0118 வருவது இப்படித்தான்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். சென்சாரில் ஒயர் சொருகும் கப்ளரைக் கழற்றுங்கள். ஏற்கெனவே மைனஸ் 40 என்றால் மாற்றம் எதுவும் வராது. இப்போது சிறிய ஒயர்த் துண்டால் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒன்றோடொன்று தொடச் செய்துவிட்டுத் திரையைப் பாருங்கள். எண் ஒரே தாவாக நூறு டிகிரியைத் தாண்டி மேலே போய் நின்றால், ஒயரும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரை வாங்காதீர்கள், ஒயரில்தான் கோளாறு. கப்ளருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்த பின், பின்னால் தள்ளிப்போன பின், இன்சுலேஷன் முழுசாக இருந்தும் உள்ளே கம்பி அறுந்த ஒயர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள், அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும். ஒன்று முக்கியம்: இந்தச் சோதனை இரண்டு ஒயர் கொண்ட டெம்பரேச்சர் சென்சாருக்கு மட்டும்தான். மூன்று ஒயர் சென்சாரில் பின்களை இப்படி ஷார்ட் செய்தால் 5 வோல்ட் லைனே படுத்துவிடும்.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றாலும் ஸ்கேனர் உதவும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம்மைப் பாருங்கள். 150, 250 என்று ஏதாவது வர வேண்டும். என்ஜின் சுற்றிக்கொண்டிருக்க, திரையில் பூஜ்ஜியம் என்றால், என்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள்.

ஃபியூயல் ட்ரிம்

லைவ் டேட்டாவில் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னால், நான் இதைத்தான் கேட்பேன். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் சதவீதம்தான் ட்ரிம். ஷார்ட் டெர்ம் அந்தந்த நொடிக்கானது, லாங் டெர்ம் பழகிப்போனது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் நிம்மதி. பிளஸ் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று கூட்டிக்கொண்டிருக்கிறது. மைனஸ் என்றால் அதிகமாகிக் குறைக்கிறது. பல வண்டிகளில் 25 சதவீதத்தை ஒட்டிப் போகும்போது கோடு விழும். என்ஜின் சூடாகி, ஃபியூயல் சிஸ்டம் 'குளோஸ்டு லூப்' (ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு பெட்ரோலைத் திருத்தும் நிலை) என்று காட்டும்போது பார்த்தால்தான் இந்த எண்களுக்கு மதிப்பு.

ஐடிலில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தி ஒரு தடவை, மேடு ஏறும்போது ஒரு தடவை (பக்கத்தில் ஒருவர் திரையைப் பார்க்கட்டும்) எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலில் பிளஸ் 20, ஆர்பிஎம் ஏற்றியதும் 5-க்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம், அதில் கசிந்து வருவது பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறியதும் அதே கசிவு கணக்கிலேயே தெரியாது. மாறாக ஐடிலில் சரியாக இருந்து, சுமை ஏற ஏற ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பிரஷரையோ, அழுக்கடைந்த காற்று அளவு சென்சாரையோ சந்தேகப்படுங்கள். எல்லா இடத்திலும் மைனஸ் என்றால் ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் வால்வு திறந்தே கிடப்பது. காற்றுக் கசிவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. காற்றை நேரடியாக அளக்காமல் மேனிஃபோல்டு பிரஷரை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில், கசிந்த காற்றும் பிரஷரில் சேர்ந்துவிடுவதால் ட்ரிம் அவ்வளவாக ஏறாது. ஐடில் ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும்.

ஆரம்பத்தில் சொன்ன பி0171-க்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் கார், வேறொரு இடத்தில் ஆக்சிஜன் சென்சார் மாற்றி, கோடு திரும்பி வந்த பிறகு என்னிடம் வந்தது. அதிர்ஷ்டவசமாக, திரும்பி வந்த கோடு அழிக்கப்படவில்லை. ஃப்ரீஸ் ஃபிரேமில் கூலன்ட் 88 டிகிரி, வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர், லாங் டெர்ம் பிளஸ் 19. நின்ற வண்டி கிளம்பும் நேரம் அது. பார்க் கியரில், ஐடிலில் வைத்துப் பார்த்தால் ட்ரிம் 6, குறை சொல்ல முடியாது. பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவில் போட்டதும் ஷார்ட் டெர்ம் 17, 18 என்று ஏறியது. பார்க்குக்கு மாற்றினால் இறங்கியது. கியர் விழுந்ததும் என்ஜின் தன்னைத் தாங்கும் மவுண்டில் லேசாகச் சாய்கிறது, அந்தச் சாய்வில் ஏதோ ஒன்று திறக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு, காற்று அளவு சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வாசல்) நடுவில் இருக்கும் மடிப்பு வைத்த ரப்பர் குழாயைக் கையால் வளைத்தேன். அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத மடிப்பு ஒன்றில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும், சாய்ந்தால் வாய் திறக்கும். மவுண்டும் தளர்ந்திருந்ததால் இரண்டையும் மாற்றினேன். அந்த 9 கிலோமீட்டர் என்ற ஒரு எண் இல்லாவிட்டால், பார்க்கில் வைத்தே எத்தனை நேரம் தேடியிருப்பேனோ தெரியாது.

கையால் கிடைக்காத கசிவுக்கு, புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். சூடான என்ஜின் மேல் கார்ப் கிளீனரைப் பீய்ச்சித் தேடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது தீப்பிடிக்கிற சரக்கு, வேண்டாம்.

மிஸ்ஃபயரும் பி0420-உம்

பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஸிங். பி0303 என்றால் மூன்றாவதில். பின்னதைக் கண்டுபிடிப்பது சுலபம். சாவியை அணைத்துவிட்டு மூன்றாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) முதலாவதில் மாட்டி, முதலாவதின் காயிலை மூன்றுக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டிப் பார்த்தபின் பி0301 வந்தால் காயில்தான். பி0303-லேயே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டர். இந்த மூன்று பாகங்களை மாற்றியும் கோடு நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். பி0300 வந்தால் பாகங்களை மாற்றத் தொடங்குமுன் ட்ரிம்மைப் பாருங்கள், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான பெட்ரோல் அல்லது காற்றுக் கோளாறாக இருக்கலாம்.

பி0420, அதாவது கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு, வந்தால் அதை மாற்றச் சொல்வார்கள். விலை கூடிய பாகம், அவசரப்படாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2500-ல் நிறுத்தி, பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜை கிராஃபாகப் பாருங்கள். கன்வர்ட்டர் வேலை செய்தால் அது 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக நிற்கும். பழைய வகை முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். பின்னதும் அதே வேகத்தில் தாவினால் கன்வர்ட்டர் தளர்ந்துவிட்டது என்று நம்பலாம். ஆனால் அதற்கு முன் எக்ஸாஸ்ட் (புகைக் குழாய்) ஜாயிண்டில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், அது ஏன் கெட்டது என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். ஆயில் எரிக்கும் என்ஜினிலோ, மிஸ்ஸிங் உள்ள என்ஜினிலோ புதியதும் அதே கதிதான்.

பி0128-க்கு (என்ஜின் போதிய அளவு சூடாகவில்லை) பெரும்பாலும் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்பதுதான் காரணம், கூலன்ட் அளவை மட்டும் முதலில் பாருங்கள். பி0455 (டேங்க் ஆவி பெரிய அளவில் கசிகிறது) வந்தால் பெட்ரோல் மூடியை இறுக்கி, அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

சரி செய்த பிறகு

இப்போது கோடுகளை அழிக்கலாம். ஆனால் விளக்கு அணைந்ததை வைத்து வேலை முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறந்தால், அழித்ததும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், டேங்க் ஆவி போன்ற சோதனைகள் 'முடியவில்லை' என்று இருக்கும். கோளாறு எதைச் சேர்ந்ததோ அந்தச் சோதனை ஓடி 'முடிந்தது' என்று வர வேண்டும். அதன் பிறகும் பெண்டிங் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். கேட்டலிஸ்ட் சோதனைக்குச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். டேங்க் ஆவி சோதனை, டேங்க் முழுசாக இருந்தாலும் காலியாக இருந்தாலும் ஓடாது, ராத்திரி நின்று ஆறிய என்ஜினும் வேண்டும். அழிக்காமல் விட்டாலும், கோளாறு இல்லாத மூன்று ஓட்டத்துக்குப் பிறகு விளக்கு தானாக அணையும். கோடும் என்ஜின் 40 தடவை ஆறிச் சூடான பிறகு நினைவிலிருந்து போகும்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். விளக்கும் இல்லை, கோடும் இல்லை, ஆனால் பாதிக்கு மேல் சோதனைகள் முடியவில்லை என்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். பல வண்டிகளில் கோடு அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டரையும் லைவ் டேட்டா காட்டும். அது 3 என்றோ 8 என்றோ இருந்தால், சோதனைகள் முடியும்வரை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.